டாங்குக்கு வருஷாவருஷம் பெயின்ட் அடிச்சா போதுமா?

எங்க ஊர் பாலவனத்தம். அருப்புக்கோட்டைப் பக்கம். அங்கே வந்து "டாங்க்" என்று சொன்னால் யாருக்கும் போர் ஞாபகம் வராது. தண்ணீர் ஏற்றும் மேல்நிலைத் தொட்டியைக் காட்டுவார்கள். வெள்ளைக்காரன் எழுதி வைத்த ரெக்கார்டுகளில் எங்கள் பக்கத்துக் கண்மாய்களுக்கும் டாங்க் என்றுதான் பெயர். சண்டை போடும் வண்டிக்கு இந்தப் பெயர் வந்ததே ஒரு பொய்யால்தான். முதல் உலகப் போரில் பிரிட்டன் அந்த வண்டியை ரகசியமாகச் செய்துகொண்டிருந்தது. யாராவது கேட்டால் தண்ணீர்த் தொட்டி செய்கிறோம் என்று சொல்லிவிடலாம் என 1915 கடைசியில் வைத்த பெயர் அது. அப்படியே ஒட்டிக்கொண்டது.

நீங்களும் ஒரு டாங்கையாவது பார்த்திருப்பீங்க. ரவுண்டானா நடுவில், பார்க்கில், ஏதாவது ராணுவ அலுவலக வாசலில், சிமென்ட் பீடத்தின் மேல் குழலை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். சின்ன வயதில் அதன்மேல் ஏறி போட்டோகூட எடுத்திருப்பீங்க. மெக்கானிக்கல் படிக்கிறவர்கள் அடுத்த முறை போகும்போது கொஞ்சம் குனிந்து பாருங்க. செயினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே, பெயின்டர் பிரஷ் போகாத இடத்தில், துரு அடுக்கு அடுக்காக உரிந்து நிற்கும். மேலே பளபளவென்று பச்சை. குடியரசு தினத்துக்கு முன்னாடி ஒரு கோட், சுதந்திர தினத்துக்கு முன்னாடி இன்னொரு கோட்.

நான் சொல்ல வருவது இதுதான். தமிழ்நாட்டில் செய்த, 1971 போருக்குப் போன விஜயந்தா டாங்க் ஒன்றையாவது பீடத்திலிருந்து இறக்கி, பிரித்து, துரு நீக்கி, மறுபடியும் ஓட வைக்க வேண்டும். அதை இன்ஜினியரிங் காலேஜ் மாணவர்கள் செய்ய வேண்டும். சீக்கிரம் செய்ய வேண்டும். ஏன் சீக்கிரம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விஜயந்தா பற்றி, தெரியாதவர்களுக்காக. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் வந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனி டிசைனை வைத்து 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்தது. சுமார் 39 டன் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே நாலு பேர். 1980கள் வரை இரண்டாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். யோசிச்சுப் பாருங்க, சுதந்திரம் வாங்கி இருபது வருஷம்கூட ஆகவில்லை. அப்போது சென்னைக்குப் பக்கத்தில் ஃபிட்டர்களும் வெல்டர்களும் டர்னர்களும் சேர்ந்து ஒரு டாங்க் செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

அதன் இன்ஜின்தான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். லேலண்ட் எல்-60. ஆமாம், நம்ம பஸ்ஸில் பார்க்கிற அதே லேலண்ட் பெயர், பிரிட்டன் தாய்க் கம்பெனி. இந்த இன்ஜினில் சிலிண்டர் ஹெட்டே கிடையாது. ஆறு சிலிண்டர், ஆனால் பன்னிரண்டு பிஸ்டன். ஒரே சிலிண்டருக்குள் மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று, இரண்டும் நடுவில் நெருங்கி வரும்போது டீசல் எரியும். மேலே ஒரு கிராங்க்ஷாஃப்ட், கீழே ஒரு கிராங்க்ஷாஃப்ட். வால்வு இல்லை, டூ ஸ்ட்ரோக். செமஸ்டர் பேப்பரில் "எதிர் பிஸ்டன் இன்ஜின், சிறுகுறிப்பு வரைக" என்று இரண்டு மார்க்குக்கு எழுதி மறந்துவிடுகிறோமே, அதுவேதான். பெட்ரோல், டீசல் எது ஊற்றினாலும் ஓட வேண்டும் என்று யோசித்துச் செய்த டிசைன். பிரிட்டனின் சீஃப்டன் டாங்கிலும் இதே இன்ஜின்தான், அங்கே அது ரிப்பேருக்குப் பேர்போனது. லைனர் சீல் ஒழுகும், கூலன்ட் போகும். விஜயந்தாவில் அதே இன்ஜினின் சக்தியைக் குறைத்து, 535 குதிரைத்திறனில் ஓட்டினார்கள்.

இப்படி ஒரு இன்ஜின் அந்தப் பீடத்து டாங்குக்குள் இன்னும் இருக்கிறதா, பிடுங்கிவிட்டார்களா, யாராவது மூடியைத் திறந்து பார்த்தார்களா? 2017இல் டெல்லி ஜே.என்.யு. துணைவேந்தர் தங்கள் வளாகத்தில் ஒரு டாங்க் நிறுத்த வேண்டும் என்று கேட்டபோது நாடு முழுக்கச் சண்டை. மாணவர்களுக்கு ராணுவத்தின் மேல் மரியாதை வரும் என்றார்கள் ஒரு பக்கம், பல்கலைக்கழகத்தில் டாங்குக்கு என்ன வேலை என்றார்கள் மறு பக்கம். இன்ஜினைத் திறக்க விடுவீங்களா என்று மட்டும் எந்தப் பக்கமும் கேட்ட மாதிரி தெரியவில்லை. எனக்கு அந்த ஒரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. திறக்க விட்டால் அது படிப்பு. திறக்க விடாவிட்டால் அது சிலை, சிலை வேணுமா வேண்டாமா என்று அவங்கவங்க அடிச்சுக்கலாம்.

துரு பற்றிக் கொஞ்சம் பேசணும், ஏன்னா துருவைப் பார்த்துத்தான் எல்லாரும் "இனி இது ஓடாதுப்பா" என்று முடிவு கட்டுகிறார்கள். டாங்கின் கவசத் தகடு எங்கள் வீட்டுச் சுவரில் பாதி மொத்தம் இருக்கிற இடங்கள் உண்டு. அதில் மேலே ஒரு மில்லிமீட்டர் துருப்பிடித்தால் ஒன்றும் குடி முழுகாது. டாங்கைக் கொல்வது வேறு விஷயங்கள். ரப்பர் காய்ந்து வெடிக்கும். ஆயில் சீல் கல்லாகும். ஒயரின் உறை உதிரும். அடித்தளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி மெல்லிய தகடு ஓட்டையாகும். செயின் பின் உள்ளேயே இறுகி, கண்ணி மடங்காது. அதாவது வெளியே பயமுறுத்துகிற துரு சும்மா. உள்ளே தேங்கிய தண்ணீர்தான் வில்லன்.

அடுத்து பெயின்ட். துருவின் மேல் பெயின்ட் அடித்தால் துரு நிற்காது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்து வெளியே தள்ளும், தன் மேல் இருக்கிற பெயின்டையும் சேர்த்துத் தூக்கும். அந்த இடுக்கில் ஈரம் போய் உட்கார்ந்துகொள்ளும், வெயிலில்கூட சீக்கிரம் காயாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, பிறகுதான் பெயின்ட் என்று எங்கள் ஊர் கேட் அடிக்கிற பெயின்டருக்குக்கூடத் தெரியும். பீடத்து டாங்குக்கு மட்டும் நேரே பச்சை. நாலு பக்கமும் மூடி அடித்துவிடுவதால் தண்ணீர் வடியும் ஓட்டைகளும் அடைபட்டுப் போகும். மரியாதை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அதை மெதுவாகக் கொல்கிறோம்.

ஆக்சிஜன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் எஸ்டோனியாவில் இருக்கு. 1944இல் ஜெர்மன் ராணுவம் பிடித்து வைத்திருந்த ஒரு டி-34 ரஷ்ய டாங்க் அங்கே ஒரு ஏரிக்குள் போனது. 2000இல் புல்டோசர் வைத்து வெளியே இழுத்தார்கள். 56 வருஷம் தண்ணீருக்கு அடியில். ஆனால் ஏரி அடியில் இருந்த சேற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாததால் துரு ரொம்பக் குறைவு. தண்ணீருக்குள் கிடந்தது தப்பித்தது, நம்ம ஊர் பீடத்தில் நின்றது கெட்டது. காற்று, ஈரம், உப்பு மூன்றும் சேர்ந்தால்தான் ஆட்டம். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டும்போது இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும் என்று நாம் படித்ததை வைத்து சென்னைக் கடற்கரையை யோசிச்சுக்கோங்க. அமெரிக்க விமானப்படை பழைய விமானங்களை அரிசோனா பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்துவது சும்மா இல்லை. டாங்கை நிறுத்த இடம் வேண்டுமானால் எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழி வெயிலுக்கு அனுப்பி வையுங்க. வானம் பார்த்த பூமி என்று நாங்கள் அழுகிற விஷயம் இரும்புக்கு நல்லது. கரிசலில் நேரே நிறுத்தாமல் ஜல்லி போட்டு நிறுத்தணும், அவ்வளவுதான். மழை பெய்தால் கரிசல் யாரையும் விடாது, 39 டன்னையும் விடாது.

செயின் வண்டி ஏன் வந்தது என்பதே அந்தச் சேற்றால்தான். எடையை நீளமான செயின் முழுக்கப் பரப்பிவிட்டால், லாரி டயர் புதையும் இடத்தில் டாங்க் போகும். எங்கள் பக்கம் கண்மாய் தூர்வாரவும் சீமைக்கருவேலம் பிடுங்கவும் வருகிற இட்டாச்சிக்கும் அதே கணக்குதான். (எந்தக் கம்பெனி வண்டி வந்தாலும் இட்டாச்சிதான், பேர் மாறாது.) என் சித்தப்பா அதில் ஆபரேட்டர். டாங்க் செயின் படத்தை அவரிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இதுல என்னடா இருக்கு, ஸ்ப்ராக்கெட்டு, ரோலரு, ஐட்லரு. பல்லு தேஞ்சிருக்கு பாரு, மாத்தணும்" என்றார். "செயின் லூசானா எங்க கிரீஸ் அடிப்பாங்க?" என்று அவரே என்னைக் கேட்டார். இட்டாச்சியில் செயின் தளர்ந்தால் கிரீஸ் கன் வைத்து ஐட்லரை முன்னே தள்ளி இறுக்குவார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை, நான்தான் மெக்கானிக்கல் நாலாவது வருஷம். இவரைப் போன்றவர்கள் அருப்புக்கோட்டை லேத் பட்டறைகளிலும் லாரி ஷெட்களிலும் நிறையப் பேர். டாங்க் என்றதும் ராக்கெட் சயின்ஸ் என்று நாம்தான் பயப்படுகிறோம்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் பொறாமையாக இருக்கு. பிரிட்டனில் பாவிங்டன் டாங்க் மியூசியத்தில் டைகர் 131 என்ற ஜெர்மன் டாங்க் இருக்கிறது. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்டது. 1990இல் சீரமைக்கத் தொடங்கி 2003இல் ஓட வைத்தார்கள். பதின்மூன்று வருஷம். ஓட்டுவதற்கு அதே குடும்பத்து இன்னொரு டாங்கின் மேபாக் இன்ஜினை மாட்டினார்கள். இப்போதும் வருஷத்தில் ஒன்றிரண்டு நாள்தான் ஓட்டுவார்கள், அதைப் பார்க்க உலகம் முழுக்க இருந்து ஆள் வருகிறது. இந்தியாவில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அகமத்நகரில் ராணுவத்தின் டாங்க் மியூசியம் 1994இலிருந்து இருக்கு. 2023இல் வந்த 'பிப்பா' இந்திப் படத்துக்காக நிஜமான பி.டி.-76 டாங்கையே ஓட்டிக் காட்டினார்கள். அதுவும் 1971 போரில் இருந்த வகைதான். சினிமாவுக்கு முடிகிறது என்றால் காலேஜுக்கு ஏன் முடியாது?

"வேறு இன்ஜின் மாட்டி, புது சீல் போட்டு, புது ஒயர் இழுத்தால் அது பழைய டாங்கா?" என்று என் ரூம்மேட் கேட்டான். நல்ல கேள்விதான். ஆனால் இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் ரொம்ப நாள் முன்னாடியே பதில் சொல்லியாச்சு. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். அதனால் அது ஆழித்தேர் இல்லை என்று யாராவது சொன்னார்களா? நின்ற தேரை ஓட வைத்ததற்குச் சந்தோஷப்பட்டார்கள். எது பழசு, எது புதுசு என்று ஒவ்வொரு பாகத்துக்கும் எழுதி வைத்தால் போதும். கழற்றிய பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாமல் நம்பர் போட்டுப் பத்திரப்படுத்தணும். இந்த எழுதி வைக்கிற வேலையில்தான் நாம் ரொம்ப மோசம்.

எல்லாத் துருவையும் சுரண்டச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோஹிமாவில் ஒரு லீ டாங்க் இருக்கு. 1944இல் ஜப்பானியர்களோடு நடந்த சண்டையில் மலைச்சரிவில் சறுக்கி நின்றது, இன்னும் அதே இடத்தில் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். அதை ஓட வைத்தால் அசிங்கம். அது நின்ற இடமும் நின்ற கோணமும்தான் அதன் கதை. ஆனையிறவிலும் அப்படி ஒன்று. 1991 ஜூலையில் புலிகள் ஒரு புல்டோசருக்கு இரும்புத் தகடு பூட்டி இலங்கை ராணுவ முகாமை நோக்கி ஓட்டினார்கள், ராணுவம் அதை அங்கேயே அழித்தது. யாழ்ப்பாணம் போகும் ஏ-9 சாலை ஓரத்தில் அந்த வண்டி துருவோடு இன்னும் நிற்கிறது. இலங்கை அரசுக்கு அது தங்கள் சிப்பாயின் வீரச் சின்னம். அந்தச் சண்டையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தமிழ் அம்மா அந்த ரோட்டில் பஸ்ஸில் போகும்போது அது என்னவாகத் தெரியும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. துருவே அங்கே சாட்சி.

ரவுண்டானாவில் நிற்கிற விஜயந்தா அப்படி இல்லை. அங்கே அது சண்டை போடவில்லை. ராணுவம் ரிட்டயர் பண்ணி, லாரியில் ஏற்றி, கிரேனில் தூக்கி வைத்த வண்டி. அதன் துருவுக்கு எந்தக் கதையும் இல்லை, பராமரிக்கவில்லை என்பதைத் தவிர. செத்த இடத்தில் நிற்கிற வண்டியைத் தொடாதீங்க, கொண்டுவந்து நிறுத்திய வண்டியைத் திறங்க. நான் பிரிக்கிற கோடு இவ்வளவுதான்.

போர் ஆயுதத்தைக் கொண்டாட வேண்டுமா என்றும் கேட்பாங்க. எனக்கும் டாங்க் மேல் நின்று கோஷம் போடுவதில் விருப்பம் இல்லை. ஆனால் உள்ளே ஒரு முறை இறங்கிப் பார்த்தவர்கள் போரைக் கொண்டாட மாட்டார்கள் என்றுதான் தோணுது. நாலு பேர் முட்டியை மடக்கி உட்காரும் இடம், கைக்கெட்டும் தூரத்தில் குண்டுகள், பின்னால் டீசல். மே மாதம் எங்கள் ஊர் வெயிலில் இரும்பு என்ன சூடு சுடும் என்று தெரிந்தவர்களுக்கு ராஜஸ்தான் எல்லையில் மூடியைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்னவென்று விளக்க வேண்டாம். பீடத்தில் மூடியை வெல்டு வைத்து வெளியே பெயின்ட் அடிக்கும்போது அந்த நாலு பேரும் காணாமல் போய்விடுகிறார்கள்.

பாலவனத்தத்துக்காரன் இதற்கு ஏன் குதிக்கிறான் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. எங்கள் ஊர் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் ஆரம்பித்தவர் என்று தமிழ் புத்தகத்தில் படித்திருப்பீங்க. ஆங்கில மீடியம் பிள்ளைகளான எங்களுக்கும் அந்த ஒரு மார்க் கேள்வி வந்தது. ஆனால் 1906இல் வ.உ.சி. ஆரம்பித்த சுதேசி நாவாய்ச் சங்கத்துக்குப் பெரிய தொகை கொடுத்து, தலைவராக இருந்தவரும் இவர்தான். தண்ணீர் இல்லாத ஊரின் ஜமீன்தார் கப்பலுக்குப் பணம் போட்டார். காலியா, லாவோ என்று இரண்டு நீராவிக் கப்பல்கள் வந்தன. வ.உ.சி. ஜெயிலில் இருக்கும்போதே 1911இல் கம்பெனி கலைந்தது, ஒரு கப்பல் எதிரி வெள்ளைக்காரக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. இன்றைக்கு நான் போய்த் தொட்டுப் பார்க்க அந்தக் கப்பல்களின் ஒரு ரிவெட் எங்கே இருக்கு? பேச்சு இருக்கு, சிலை இருக்கு, படம் இருக்கு. அந்த நீராவி இன்ஜினைக் கரி அள்ளிப் போட்டு ஓட்டியவர்கள் யார், என்ன ரிப்பேர் வந்தது, எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளும் இல்லை, இரும்பும் இல்லை.

சீக்கிரம் என்று சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான். 1965இல் இருபது வயதில் ஆவடியில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது எண்பது. இரும்பு இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும், அவர் தாங்க மாட்டார். டிராயிங் எல்லாம் ஏதோ ஒரு பீரோவில் இருக்கலாம். ஆனால் எந்த போல்ட்டை முதலில் கழற்றினால் கை உள்ளே போகும், எந்தச் சத்தம் வந்தால் உடனே இன்ஜினை நிறுத்தணும், எந்த இடத்தில் டிராயிங்கைப் பார்க்காமல் தங்கள் யோசனையில் ஒரு வாஷர் சேர்த்தார்கள், இதெல்லாம் டிராயிங்கில் இருக்காது.

இன்னொரு பக்கம் நம்ம நிலைமையைப் பாருங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்டை ரெடிமேடாக விற்கும் கடைகள் இருக்கிறது ரகசியம் இல்லை. ரிப்போர்ட், பி.பி.டி., வேலை செய்கிற மாடல் எல்லாம் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வைவாவில் என்ன கேட்பார்கள் என்பதற்கு ஒரு தாள்கூட உண்டு. நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்து, கையில் கிரீஸ் படாமல் வெளியே போகலாம். டாங்க் கடையில் கிடைக்காது. இறுகிப் போன செயின் பின்னைக் கூகுளில் தேடிக் கழற்ற முடியாது, எண்ணெயில் ஊறவைத்துக் காத்திருக்கணும், சூடு காட்டணும், அடிக்கணும். ஒரு பேட்ச் ஆரம்பித்தால் நாலாவது பேட்ச்தான் முடிக்கும். நம்ம ஜூனியர்களுக்கு ஒரு வேலையைப் பாதியில் ஒப்படைத்துவிட்டுப் போவது என்றால் என்ன என்பதே நமக்குத் தெரியாமல் போய்விட்டது.

முழு டாங்க் கிடைக்க ராணுவத்திடம் மனு, அனுமதி, லோ பெட் டிரெய்லர், ஷெட் என்று வருஷக் கணக்கில் ஆகும். பீரங்கி இனி சுடாதபடி செயலிழக்கச் செய்திருக்க வேண்டும். எல்லாம் சரி. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நம்ம காலேஜ் ஒர்க்ஷாப் பின்னால் கிடக்கிற துருப்பிடித்த பம்ப்செட்டை வைத்தே மின்பகுப்பு முறையில் துரு எடுத்துப் பழகலாம். பிளாஸ்டிக் டிரம், வாஷிங் சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜர், ஒரு பழைய இரும்புத் தகடு போதும். துருப்பிடித்த பாகத்தை நெகடிவில் மாட்டணும், தகடு பாசிடிவில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு மட்டும் போடாதீங்க, அதிலிருந்து வருகிற குரோமியம் விஷம். ஹைட்ரஜன் வாயு வரும், காற்றோட்டமான இடத்தில் செய்யணும்.

அதோடு இந்த லீவில் ஒரு வேலை. ஆவடியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன தாத்தாவோ பெரியப்பாவோ உங்கள் சொந்தத்தில், தெருவில் யாராவது இருந்தால், போனில் ரெக்கார்டர் போட்டு உட்காருங்க. "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க தாத்தா" என்று கேட்டால் சர்வீஸ், பிரமோஷன், யூனியன் என்று போய்விடும். இப்படிக் கேளுங்க: எல்-60 லைனர் சீல் ஒழுகுறதை முதலில் எப்படிக் கண்டுபிடிப்பீங்க? இன்ஜினை வெளியே தூக்க எத்தனை பேர், எவ்வளவு நேரம்? செயின் தளர்ந்தா எதை வச்சு இறுக்குவீங்க? கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் எனக்கும் அனுப்புங்க, சித்தப்பா இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கார்.